விலங்குகளைக் காக்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் வரலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் பிராணிவதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், இந்த மாதக் கேள்விகளை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். எல்லாக் கடிதங்களுக்கும் இங்கே இடமில்லை. அடிக்கடி வந்த கேள்விகளையும், என்னால் ஒதுக்கிவைக்க முடியாத சிலவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

என் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு மெட்ரிக் தேர்வு எழுதுகிறாள். நன்றாகப் படிக்கிறவள். எஸ்.பி.சி.ஏ. இன்ஸ்பெக்டராக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். 'இவ்வளவு படிக்க வைத்தது நாய் பிடிக்கவா?' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். மனச்சாட்சியோடு சொல்லுங்கள் அம்மா, அனுப்பலாமா?
– ஒரு தந்தை, டோங்காட்

மனச்சாட்சியோடுதான் சொல்கிறேன் ஐயா. தடுக்காதீர்கள்.

தெருவில் திரியும் நாயைப் பிடிப்பது அந்த வேலையில் ஒரு சிறு பங்கு. பெரும்பங்கு வேறு. வெயிலில் நிழலின்றிக் கட்டிய நாய், கூண்டில் நெருக்கி அடைத்த கோழிகள், லாடம் தேய்ந்து நொண்டும் குதிரை, குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் பூட்டிய பூனை என்று புகார்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பொய்ப் புகார்களையும்தான். அண்டை வீட்டுச் சண்டையில் எழுதிய புகார் எது, உண்மையான புகார் எது என்று வாசலில் நின்ற ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் கண் போகப் போகத்தான் வரும்.

இந்த வேலையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் ஒன்றைச் சொல்கிறேன். குட்டியாக இருந்தபோது நாயின் கழுத்தில் யாரோ கம்பியோ நைலான் கயிறோ கட்டியிருப்பார்கள். நாய் வளர்ந்துவிடும், கயிறு அப்படியே இருக்கும். சில மாதங்களில் அது தோலை அறுத்து உள்ளே இறங்கி, மேலே சதை மூடத் தொடங்கிவிடும். புண் கண்ணுக்குத் தெரியுமுன்பே நாற்றம் மூக்கில் ஏறும். அந்த நிலையிலும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு நம்மிடம் வரும். குனிந்தால் வலிப்பதால் தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் தயங்கித் தயங்கி நிற்கும். இன்ஸ்பெக்டருக்கு அங்கேயே கயிற்றை அறுத்தெறியத் தோன்றும். செய்யக் கூடாது. மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர்தான் அதை எடுக்க வேண்டும். முதலில் படம் எடுக்க வேண்டும்: கழுத்து, கயிறு கட்டியிருந்த கம்பம், வறண்ட சட்டி, வீட்டு எண். தேதியும் நேரமும் குறிக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் குரலை உயர்த்தக் கூடாது; அவர் சம்மதித்தால்தான் உள்ளே போக முடியும், மறுத்தால் வாரண்ட் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் நாயை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை 1962ஆம் ஆண்டின் 71ஆம் எண் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். அடிப்பதும் பட்டினி போடுவதும் மட்டுமல்ல, தேவையில்லாமல் சங்கிலியில் கட்டிப்போட்டுத் துன்பம் தருவதும், காற்று, வெளிச்சம், வெயில் மழைக்கு ஒதுங்க இடம் இல்லாமல் அடைத்து வைப்பதும் அதில் குற்றம். அபராதமோ 12 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். இனி விலங்கு வளர்க்கத் தகுதியில்லை என்றும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இன்ஸ்பெக்டருக்கு மாஜிஸ்திரேட் எழுத்துமூலம் அதிகாரம் கொடுக்கிறார். அதன்பின் அவள் எழுதும் வாக்குமூலம், எடுக்கும் படம், கூண்டில் ஏறிச் சொல்லும் சாட்சி எல்லாம் வழக்கின் எலும்பு. 2016 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், அரசு வழக்கறிஞர்கள் வழக்கு நடத்த மறுத்தால் தேசிய எஸ்.பி.சி.ஏ. தானே தனியாக வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்பளித்தது. இரண்டு ஒட்டகங்கள் துன்பப்பட்ட விவகாரத்தில் தொடங்கிய வழக்கு அது. இதற்கு நன்றாகப் படித்த பிள்ளைதான் தேவை ஐயா. அரைகுறையாக எழுதிய வாக்குமூலத்தால் எத்தனையோ வழக்குகள் நிற்காமல் போயிருக்கின்றன.

சிரமங்களையும் மறைக்க மாட்டேன். சம்பளம் குறைவு, சங்கங்கள் பெரும்பாலும் நன்கொடையிலும் பழைய சாமான் கடை வருமானத்திலும் ஓடுகின்றன. இரவு முறை, ஞாயிறு முறை உண்டு. கடி, கீறல் நிச்சயம். குடித்துவிட்டு வாசலில் நிற்கும் ஆட்கள் நாயைவிட ஆபத்து. பெண் பிள்ளை தனியாகப் போகாமல் ஜோடியாகப் போவதையும், எங்கே இருக்கிறாள் என்பது அலுவலகத்துக்குத் தெரிந்திருப்பதையும் எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. 'வணக்கம் ஆயா, உங்கள் நாயைக் கொஞ்சம் பார்க்கலாமா' என்று கேட்டால் சாட்ஸ்வொர்த்தில் திறக்காத கதவு குறைவு. அடுத்த தெருவில் 'சனிபோனானி, கோகோ' என்று சூலுவில் ஆரம்பித்தால் அங்கேயும் நாற்காலி போடுவார்கள். கதவு திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சங்கிலிக்குப் பதில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஓடும் கம்பி கட்டலாம், தகரத்தில் நிழல் போடலாம், தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்கலாம். நாயைப் பறிமுதல் செய்யாமலே அதன் வாழ்க்கை மாறிவிடும். மிரட்டிப் பறித்த வீட்டில் அடுத்த மாதமே இன்னொரு குட்டி அதே கயிற்றில் கட்டப்பட்டிருக்கும்.

மகளுக்கு இப்போதே ஓட்டுநர் உரிமம் எடுத்துக் கொடுங்கள். அது இல்லாமல் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வேலை தவிர இந்தத் துறையில் வேறு என்ன வழிகள்? என்ன படிக்க வேண்டும் அக்கா?
– பதினோராம் வகுப்பு மாணவி, ஃபீனிக்ஸ்

இன்ஸ்பெக்டராக மெட்ரிக்கும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். ஒரு சங்கத்தில் பயிற்சியாளராக வேலை பார்த்து, பிறகு தேசிய எஸ்.பி.சி.ஏ. நடத்தும் பயிற்சியிலும் தேர்விலும் தேற வேண்டும்.

நிலையான அரசு வேலையும் ஓய்வூதியமும் வேண்டுமென்றால் விலங்குச் சுகாதாரத் தொழில்நுட்பர் வேலையைப் பார், தங்கையே. நம் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசாவிலும் மாஹிகெங்கில் உள்ள நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழகத்திலும் இதற்கான படிப்பு உண்டு. முடித்ததும் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். மாகாண அரசின் கால்நடைப் பிரிவில் வேலை. உண்ணி ஒழிய மாடுகளை மருந்து நீரில் இறக்கும் கிராமத்து முழுக்காட்டுத் தொட்டிகளில் அவற்றைப் பரிசோதிப்பது, காசநோய், கருச்சிதைவு நோய்ச் சோதனைகள், கோமாரி நோய் வந்தால் மாடுகளின் நடமாட்டத்தைத் தடுப்பது, ரேபிஸ் தடுப்பூசி முகாம் நடத்துவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2021இல் நம் குவாசூலு-நடால் மாகாணத்தில் கோமாரி வந்ததிலிருந்து இவர்களுக்கு ஓய்வே இல்லை.

கால்நடைச் செவிலியர் படிப்பும் ஆறு ஆண்டுக் கால்நடை மருத்துவப் படிப்பும் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டெபூர்ட் வளாகத்தில் இருக்கின்றன. நாட்டுக்கே கால்நடை மருத்துவ பீடம் அது ஒன்றுதான் என்பதால் போட்டி கடுமை. கணிதமும் பௌதிகமும் விடாதே. கணிதத்துக்குப் பதில், அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் கணித எழுத்தறிவுப் பாடம் எடுத்தால் இந்தக் கதவுகள் பல மூடிவிடும்; பத்தாம் வகுப்பிலேயே இதை யாரும் சொல்லாததால் எத்தனை பிள்ளைகள் ஏமாந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான்.

பேரனைப் பக்கத்துத் தெருக் குட்டிநாய் கையில் கடித்துவிட்டது. சின்னக் கீறல்தான். மஞ்சள் வைத்துக் கட்டினேன். குட்டி மூன்றாம் நாள் செத்துப்போனது என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?
– ஒரு பாட்டி, மெரிபேங்க்

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே ஆசிரியர் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்; பேரனுக்குத் தடுப்பூசி தொடங்கியதைக் கேட்டு நிம்மதி அடைந்தேன் ஆயா. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நம் மாகாணத்துக்கு நாய்வழி ரேபிஸ் 1961இல் மொசாம்பிக் எல்லை வழியாக வந்தது; ஒழிந்த பிறகு 1976இல் மீண்டும் வந்தது. இன்னும் முற்றாகப் போகவில்லை. அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடக்காது. அதற்கு முன் ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாம். அதனால் குட்டிநாய், சின்னக் கீறல் என்று தள்ளிவிடாதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்; ஒரு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். மஞ்சள், மிளகாய்த்தூள், பேட்டரித் தண்ணீர் எதுவும் வேண்டாம். அன்றைக்கே கிளினிக். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி, உடனே எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும், மறக்காமல் கேளுங்கள். மிச்ச ஊசிகளுக்கும் தவறாமல் போங்கள்.

செத்த நாயை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். அரசுக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பரிசோதனை மூளையில்தான் செய்யப்படும். ஆத்திரத்தில் தலையை அடித்து நசுக்கிவிட்டால் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள அல்லர்டன் ஆய்வகம் என்ன செய்யும்? தலையைச் சிதைக்காமல் எடுத்து, குளிரூட்டி, உறையில் அடையாளச் சீட்டு எழுதி அனுப்பும் வேலையைக் கையுறையும் முகக்கவசமும் போட்ட, முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்ட ஆள்தான் செய்ய வேண்டும். அவரைத்தான் நாம் 'நாய் வண்டிக்காரர்' என்கிறோம்.

நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். அரசு முகாம்களில் காசில்லாமல் போடுகிறார்கள்.

நான் பாம்புகளுக்குப் பயப்பட மாட்டேன். பாம்பு பிடிப்பதை முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு இளைஞர், ரிசர்வாயர் ஹில்ஸ்

பயமில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது தம்பி. உங்கள் வட்டாரத்தில் கூரைக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையில் பிளாக் மாம்பா இருக்கும். அது கறுப்பாக இருக்காது. சாம்பல், ஆலிவ் நிறம். வாயைத் திறந்தால்தான் உள்ளே கறுப்பு தெரியும். அதன் நஞ்சு மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்து ஒரு குப்பி போதாது, பல குப்பிகள் ஏற்ற வேண்டியிருக்கும்.

முழுநேர வருமானம் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலானோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு அழைப்பு வரும்போது போகிறார்கள். பாம்பைப் பிடித்து வேறிடம் கொண்டுபோக மாகாணத்தின் எசெம்வெலோ வனவிலங்கு அமைப்பின் அனுமதி வேண்டும். பயிற்சிக்குப் போங்கள். கொக்கி, இடுக்கி, ஒளி ஊடுருவும் குழாய், கண்ணையும் காக்கும் முகமூடி ஆகிய நான்கும் இல்லாமல் போகாதீர்கள். மொசாம்பிக் துப்பும் நாகம் கண்ணைக் குறிபார்த்து நஞ்சைத் துப்பும். பட்டால் நிறையச் சாதாரணத் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் போகும் அழைப்புகளில் பல நஞ்சில்லாத பாம்புகளாகவே இருக்கும். பச்சையாக மெலிந்திருக்கும் புள்ளிப் புதர்ப்பாம்பை 'கிரீன் மாம்பா' என்று அடித்துக் கொல்லாத தெரு இல்லை. நாகம்மாவுக்குப் பாலும் முட்டையும் வைக்கும் நம் வீடுகளிலேயே அது நடக்கிறது. அங்கே நின்று இது ஒன்றும் செய்யாது, பல்லி பிடித்துத் தின்னும் என்று பொறுமையாக விளக்கி, பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, தோட்டத்திலேயே விட்டுவர உங்களால் முடியுமென்றால் நீங்கள் இந்த வேலைக்கு ஏற்றவர்.

ஆடி மாதப் பூஜைக்கும் முனீஸ்வரன் பூஜைக்கும் கிடாய், கோழி பலி கொடுப்பது எங்கள் வழக்கம். இன்ஸ்பெக்டர் வந்தால் நிறுத்திவிடுவாரா?
– கோயில் கமிட்டி உறுப்பினர், வெருலம்

2000ஆம் ஆண்டின் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டம், பண்பாடு, சமயக் காரணங்களுக்காகவும் சொந்த உணவுக்காகவும் அறுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. நகராட்சி விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து பூஜைக்கு விலக்கில்லை. நானும் அம்மனுக்குக் கூழ் ஊற்றி வளர்ந்தவள்தான் ஐயா; அந்த உரிமையோடு சொல்கிறேன். கிடாயின் நாலு காலையும் சேர்த்துக் கட்டிக் கார் டிக்கியில் போட்டுக் கொண்டுவருவது அம்மனுக்குச் செய்யும் மரியாதை இல்லை. கோழிகளைச் சாக்கில் திணித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் அப்படித்தான். திறந்த வண்டியில் நிற்கவைத்துக் கொண்டுவாருங்கள். முதல் நாளே வந்துவிட்டால் நிழலும் தண்ணீரும் கொடுங்கள். ஒன்று அறுபடுவதை மற்றொன்று பார்க்க வேண்டாம். கத்தி கூர்மையாக இருக்கட்டும். பழகிய கை ஒரே வீச்சில் முடிக்கட்டும், ஆசைப்படும் இளவட்டங்கள் அல்ல. இன்ஸ்பெக்டரை நீங்களே முன்கூட்டி அழைத்துக் கேளுங்கள். கேட்டவர்களிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

சில்வர்கிளென் பக்கம் குரங்குகள் சமையலறைக்குள் வருகின்றன. எஸ்.பி.சி.ஏ. பிடித்துக்கொண்டு போகாதா?
– இல்லத்தரசி, சாட்ஸ்வொர்த்

போகாது. வெர்வெட் குரங்குகள் அங்கேதான் வாழ்பவை. ஒரு கூட்டத்தை அகற்றினால் அடுத்த கூட்டம் வரும். அனுமனுக்கென்று வாசலில் வாழைப்பழம் வைப்பதை நிறுத்துங்கள், ஜன்னலுக்கு வலை போடுங்கள், குப்பைத் தொட்டிக்கு மூடி பூட்டுங்கள். காற்றுத் துப்பாக்கியால் சுடுவதை மட்டும் யார் செய்தாலும் புகார் கொடுங்கள். குண்டு உடம்பில் தங்கிய தாய்க்குரங்கு நாள்கணக்கில் துடித்துச் சாகும், குட்டி மடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அடிபட்டவற்றை யெல்லோவுட் பார்க்கில் 1977 முதல் இயங்கும் 'குரோ' மறுவாழ்வு மையம் ஏற்றுக்கொள்ளும்.

காப்பகத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஊசி போட்டுத் தூங்கவைக்க வேண்டிய நாய்களைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை. விட்டுவிடலாமா அக்கா?
– பெயர் வேண்டாம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, சாப்பாடு இறங்காமல் இருப்பது உங்கள் குறை இல்லை. இறங்கினால்தான் நான் கவலைப்படுவேன்.

வெளியில் இருப்பவர்கள் 'கொல்லாத காப்பகம்' வேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எதையும் மறுக்காத வாசல் உள்ள இடத்துக்குத்தான் பார்வோ வைரஸ் நோய் வந்த குட்டியும், முதுகெலும்பு முறிந்த நாயும், குழந்தையைக் கடித்த நாயும் வருகின்றன. கூண்டுகள் நிரம்பியிருக்கும்போது அடுத்ததை எங்கே வைப்பது என்பதைக் கேள்வி கேட்பவர்கள் வந்து பார்ப்பதில்லை.

நீங்கள் செய்வது என்ன என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு கை நாயின் கழுத்தை உங்கள் மார்போடு அணைத்திருக்கும். மறு கை முன்னங்காலை முழங்கைக்குப் பின்னாலிருந்து நீட்டிப் பிடித்து, கட்டைவிரலால் இரத்தக் குழாயை மேலெழும்பச் செய்யும். அந்தப் பிடி அசையாமல் இருந்தால் ஊசி முதல் தடவையிலேயே இறங்கும். பெண்டோபார்பிட்டோன் மருந்து உள்ளே போன சில நொடிகளில் நாய் நினைவிழந்துவிடும். பிடி தளர்ந்தால் ஊசி தவறும், பயமும் வலியும் நீளும். அந்த நாய்களில் பலவற்றை வாழ்நாளில் யாரும் அணைத்துப் பிடித்ததில்லை. அதனால் அவசரப்படாதீர்கள், பேர் தெரிந்தால் பேர் சொல்லுங்கள், தெரியாவிட்டாலும் பேசுங்கள். அடுத்த நாய் அந்த அறையைப் பார்க்காமல் கதவைச் சாத்துங்கள்.

ஆனால் ஒரே ஆள் இதைத் தினமும் செய்யக் கூடாது. முறை மாற்றி விடும்படி மேலாளரிடம் கேளுங்கள்; வெட்கப்பட வேண்டாம். தூக்கம் கெட்டு, குடியில் மறக்கத் தோன்றினால் அன்றே ஒரு மருத்துவரிடம் போங்கள். கருத்தடை வண்டியோடு போகும் நாட்களைக் கேட்டு வாங்குங்கள். பெட்டை நாய் ஆறு மாதத்திலேயே சினைக்கு வரும், இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும். ஒரு தெருவில் பெட்டைகளுக்கு அறுவை செய்துவிட்டு வந்தால், அடுத்த ஆண்டு நீங்கள் பிடித்துக் கொடுக்க வேண்டிய வரிசை குறைகிறது. அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் உடம்பும் மனமும் முக்கியம். நல்ல கை ஒன்று போகிறதே என்று நான் வருத்தப்படுவேன், குறை சொல்ல மாட்டேன்.

தீபாவளி வெடிக்கு எங்கள் நாய் ஓடிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், ஷால்க்ராஸ்

பொழுது சாயுமுன் நடைக்குக் கூட்டிப்போய் வந்து, ஜன்னல் திரை மூடிய அறையில் வானொலி போட்டு உள்ளே வையுங்கள். சங்கிலியில் மட்டும் கட்டாதீர்கள். வேலி தாண்டிக் குதித்துத் தொங்கிச் செத்த நாய்களை அவிழ்த்து இறக்கியிருக்கிறேன். கழுத்துப்பட்டியில் தொலைபேசி எண் தைத்துவிடுங்கள், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போட்டால் இன்னும் நல்லது. வெடிப்பவர்கள் எட்டு மணியோடு நிறுத்தினால் எத்தனையோ உயிர் பிழைக்கும்.

எனக்கு வயது பதினேழு. வேலைக்கு வருமுன் கொஞ்சம் பழகிப் பார்க்க முடியுமா?
– மாணவர், இசிபிங்கோ

முடியும். டர்பனில் எஸ்.பி.சி.ஏ. ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறது; தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்களா, வயது வரம்பு என்ன என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். பெற்றோர் கையெழுத்து கேட்கலாம். முதலில் கூண்டு கழுவத்தான் விடுவார்கள். அதை நன்றாகச் செய்யுங்கள். எந்த நாய் சாப்பிடவில்லை, எது இருமுகிறது, எது பேதியாகிறது என்பதைக் கூண்டு கழுவுகிறவர்தான் முதலில் பார்க்கிறார். பார்த்ததை உடனே சொல்லுங்கள். பழக்கமில்லாத நாயைக் கண்ணுக்குக் கண் பார்க்காமல், பக்கவாட்டில் நின்று, அதுவாக வரும்வரை கை நீட்டாமல் இருங்கள். மூடிய காலணி, நீளக் காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள்.